இறந்தவர் மீது மோசடிப் பழி

காப்பீடும் சட்டமும் – 8

முன்மொழிவுப் படிவத்தில் கேட்கப்படும் கேள்விகளைச் சென்ற வாரம் பார்த்தோம். அவற்றுக்குத் தவறான பதில் எழுதப்பட்டிருந்தால் சட்டம் அதற்கு என்ன பெயர் வைக்கிறது என்பது இந்த வாரத்துக் கேள்வி. முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ‘காப்பீட்டு மோசடி’ என்ற பெயரில் ஒரு தனிக்குற்றம் இந்தியாவின் தண்டனைச் சட்டத்தில் கிடையாது. அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை அதைத் தனிக்குற்றமாகவே எழுதி வைத்திருக்கின்றன. இங்கே காவல்துறைக்குப் போகும் நிறுவனம், ஏமாற்றுதல் என்ற பொதுக்குற்றத்துக்குள்தான் அதைப் பொருத்திக் காட்ட வேண்டும். முன்பு அது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 415, 420-ஆம் பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு. பாலிசியைச் செல்லாததாக்க நினைத்தால் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் ஒரு வரையறை இருக்கிறது. ஆயுள் காப்பீட்டுக்கென்று 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் இன்னொன்று. மருத்துவக் காப்பீட்டுக்கு ஒழுங்குமுறை ஆணையம் எழுதிக்கொடுத்த பாலிசி வாசகத்தில் வேறொன்று. நிறுவனங்கள் மோசடியைக் கண்காணிக்க 2013-இல் அதே ஆணையம் அனுப்பிய சுற்றறிக்கையில் மற்றொன்று. ஒரே பொய் இவற்றில் ஒன்றின்படி மோசடியாகவும் இன்னொன்றின்படி மோசடி அல்லாததாகவும் இருக்க முடியும்.

இருந்திருக்கிறது என்பதற்குக் குற்றவியல் பக்கத்திலிருந்தே ஒரு பழைய தீர்ப்பைக் காட்டலாம். ‘டாக்டர் விம்லா எதிர் டெல்லி நிர்வாகம்’ என்று சட்ட மாணவர்கள் படிக்கும் வழக்கு அது, நீதிபதி கே. சுப்பாராவ் எழுதிய தீர்ப்பு. ஒரு பெண் தன் பணத்தில் ஒரு கார் வாங்குகிறார். வாங்கியது, சில மாதக் குழந்தையாக இருந்த தன் மகளின் பெயரில். காரின் காப்பீட்டையும் மகள் பெயருக்கு மாற்றுகிறார். கார் விபத்துக்குள்ளானபோது கிளைம் படிவங்களில் மகளின் பெயரைத் தானே கையெழுத்தாகப் போட்டு இழப்பீடு பெறுகிறார். கையெழுத்து பொய், நிறுவனம் நம்பியதும் பொய். உயர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. உச்ச நீதிமன்றம் விடுவித்தது. ‘மோசடியாக’ என்ற சொல்லுக்குள் இரண்டு கூறுகள் இருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் மையம்: ஏமாற்று ஒன்று, ஏமாந்தவருக்கு நேரும் கேடு மற்றொன்று. விபத்து உண்மை, காப்பீடு உண்மை. தன் பெயரில் கேட்டிருந்தாலும் அதே தொகையைத்தான் நிறுவனம் கொடுத்திருக்கும். அவருக்கு ஆதாயமும் இல்லை, நிறுவனத்துக்குக் கேடும் இல்லை. ஆகவே பொய் இருந்தது, மோசடி இல்லை. இதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2016-இல், பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் ஒரு சரக்குக் கப்பல் வழக்கில் ஏறத்தாழ இதே இடத்துக்கு வேறு பாதையில் வந்து சேர்ந்தது. இயந்திர அறையில் தண்ணீர் புகுந்த கப்பலின் உரிமையாளர்கள் எச்சரிக்கை மணி பற்றி ஒரு பொய்யைச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பொய் இல்லாவிட்டாலும் இழப்பீடு கிடைத்தே இருக்கும் என்பதால், பொய்யைக் காரணம் காட்டி நியாயமான கிளைமை மறுக்க முடியாது என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள்.

குற்றவியல் சட்டம் இவ்வளவு நிதானமாக அளந்து பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே ஒருவர் சிறைக்குப் போகிறார். பணத்தைப் பற்றிய ஒப்பந்தச் சட்டத்தில் அந்த நிதானம் குறைவாக இருக்கலாம் என்று எல்லோரும் ஏற்பார்கள். நான் இங்கே வைக்க விரும்பும் வாதம் வேறு. இந்திய ஆயுள் காப்பீட்டுச் சட்டத்தில் ‘மோசடி’ என்ற சொல்லின் வரையறை நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதை யார் நிரூபிக்க வேண்டும் என்ற இடத்தில் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு வரியைச் சேர்த்தது. அந்த வரியால், கடுமையான குற்றச்சாட்டைச் சுமத்துவது இலேசான குற்றச்சாட்டைச் சுமத்துவதை விட எளிதாகிவிட்டது. பாலிசி எடுத்தவர் உயிரோடு இல்லாதபோதுதான் இந்தத் தலைகீழ் முழுமையாக வேலை செய்கிறது. ஆயுள் காப்பீட்டில் இறப்புக் கிளைம் வரும்போது அவர் உயிரோடு இருப்பதில்லை.

45-ஆம் பிரிவின் பழைய உருவத்திலிருந்து தொடங்கினால்தான் இது விளங்கும். 1938-இல் எழுதப்பட்ட வாசகம் சுருக்கமானது. பாலிசி தொடங்கி இரண்டு ஆண்டு ஆகிவிட்டால், படிவத்திலோ மருத்துவ அறிக்கையிலோ ஏதோ தவறாக இருந்தது என்ற காரணத்தைக் காட்டி நிறுவனம் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. கேட்க வேண்டுமானால் மூன்றை நிரூபிக்க வேண்டும்: சொன்னது அல்லது மறைத்தது முக்கியமான விஷயம், அது மோசடியாகச் செய்யப்பட்டது, அந்த நேரத்தில் பாலிசிதாரருக்கு அது பொய் என்று தெரியும். இந்த மூன்றையும் பிரித்து எண்ணிக் காட்டியது 1962-இல் உச்ச நீதிமன்றம் தந்த ‘மித்தூலால் நாயக்’ தீர்ப்பு. அதைக் குறிப்பிடுபவர்கள் ஒன்றைச் சொல்ல மறந்துவிடுவார்கள்: அந்த வழக்கில் வென்றது காப்பீட்டு நிறுவனம். பாலிசிதாரர் இரத்தசோகைக்கும் வீக்கத்துக்கும் மூச்சிரைப்புக்கும் சில காலத்துக்கு முன்பு ஒரு டாக்டரிடம் சிகிச்சை பெற்றிருந்தார். படிவத்தில் அதைச் சொல்லவில்லை. சிகிச்சை அளித்த டாக்டரே சாட்சி சொன்னார். நிரூபிக்கும் பொறுப்பு முழுவதும் நிறுவனத்தின் தலையில் இருந்தும், பாலிசிதாரர் இறந்துபோயிருந்தும், மோசடி நிரூபணமாயிற்று. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு ஆட்சேபத்துக்கு இதுவே பதில்.

2015-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இந்தப் பிரிவை முழுவதுமாக மாற்றி எழுதியது. நல்ல மாற்றங்கள் அதில் நிறைய. இரண்டு ஆண்டு என்பது மூன்று ஆண்டாக நீண்டது உண்மைதான், ஆனால் அந்த மூன்று ஆண்டு கடந்துவிட்டால் ‘எந்தக் காரணத்தைக் கொண்டும்’ பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்றது. அதாவது மோசடியே நடந்திருந்தாலும் முடியாது. பாலிசி வழங்கிய நாள், காப்பு தொடங்கிய நாள், காலாவதியான பாலிசியைப் புதுப்பித்த நாள், கூடுதல் பலனைச் சேர்த்த நாள் இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து அந்த மூன்று ஆண்டு எண்ணப்படும். மூன்று ஆண்டுக்குள் வரும் இறப்பைத் துறையில் ‘எர்லி கிளைம்’ என்பார்கள். விசாரணை எல்லாம் அதற்குத்தான். அந்தக் காலத்துக்குள் மறுப்பதற்கு நிறுவனத்துக்கு இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று மோசடி. மற்றொன்று, மோசடி அல்லாத தவறான தகவல் அல்லது தகவல் மறைப்பு. எந்தக் கதவு வழியாகப் போனாலும், காரணத்தையும் அதற்கான ஆதாரங்களையும் எழுத்தில் தர வேண்டும்.

முதல் கதவில் எழுதியிருக்கும் வரையறையைப் பார்ப்போம். நிறுவனத்தை ஏமாற்றும் நோக்கத்தோடு, அல்லது பாலிசி வழங்கச் செய்யும் நோக்கத்தோடு, காப்பீடு செய்தவரோ அவருடைய ஏஜென்டோ செய்யும் நான்கு வகைச் செயல்கள் மோசடி. உண்மையல்லாத, தானே நம்பாத ஒன்றை உண்மை என்று சொல்வது. தெரிந்த ஒன்றை முனைந்து மறைப்பது. ஏமாற்றத் தகுந்த வேறு எந்தச் செயலும். சட்டம் தனியே மோசடி என்று அறிவித்த செயல். வெறும் மௌனம் மோசடி ஆகாது, பேசியே ஆக வேண்டிய கடமை உள்ள சூழலைத் தவிர என்றும் ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறார்கள். பெரும்பகுதி ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவிலிருந்து அப்படியே எடுத்தது. ஆனால் 17-இல் ஐந்து வகை உண்டு, இங்கே நான்குதான். விடுபட்டது எது தெரியுமா? ‘நிறைவேற்றும் எண்ணம் இல்லாமலே கொடுக்கும் வாக்குறுதி.’ பாலிசிதாரர் தருவது பிரீமியமும் தகவலும். வாக்குறுதி தருவது நிறுவனம். காப்பீடு செய்தவர் செய்யும் மோசடியை மட்டுமே வரையறுக்கும் ஒரு பிரிவில் அந்த வகைக்கு இடம் இல்லாமல் போனதில் ஆச்சரியமில்லை. ‘அல்லது பாலிசி வழங்கச் செய்யும் நோக்கத்தோடு’ என்ற சொற்களையும் கவனிக்க வேண்டும். பாலிசி வேண்டும் என்று படிவம் நிரப்புகிற எல்லோருக்கும் அந்த நோக்கம் இருக்கத்தான் செய்யும். ஆகவே நேர்மையான மறதியையும் திட்டமிட்ட மறைப்பையும் பிரிக்கும் வேலையை ‘தெரிந்தே’, ‘முனைந்து’ என்ற இரண்டு சொற்கள்தாம் தனியாகச் சுமக்கின்றன.

இனி இரண்டாம் கதவு. மோசடி என்று சொல்லாமல், முக்கியமான தகவல் மறைக்கப்பட்டது என்று மட்டும் சொல்லி மறுத்தால், அதுவரை கட்டிய பிரீமியத்தை 90 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். எது முக்கியமான தகவல் என்பதற்கு இங்கே வரையறை மிகக் குறுகலாக இருக்கிறது. நிறுவனம் ஏற்ற இடரோடு அதற்கு நேரடித் தொடர்பு இருக்க வேண்டும். அந்தத் தகவல் தெரிந்திருந்தால் பாலிசியே வழங்கியிருக்க மாட்டோம் என்பதை நிறுவனம் நிரூபிக்க வேண்டும். கொஞ்சம் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு கொடுத்திருப்போம் என்ற நிலை இருந்தால் இந்தக் கதவு திறக்காது. பழைய அளவுகோல் இதைவிட எவ்வளவு அகலம் என்று பாருங்கள். மருத்துவக் காப்பீடு பற்றிய 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில், விவேகமுள்ள ஒரு காப்பீட்டாளர் இடரை ஏற்பதா, எவ்வளவு பிரீமியத்துக்கு ஏற்பதா என்று முடிவுசெய்வதைப் பாதிக்கக்கூடிய எதுவும் முக்கியத் தகவல்தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த அகலத்தோடு ஒப்பிட்டால் 2015-ஆம் ஆண்டு வாசகம் பாலிசிதாரருக்குப் பெரிய பாதுகாப்பு.

பாதுகாப்பு அங்கேயே கரைந்தும் போகிறது. மோசடிக் கதவின் கீழே ஒட்டியிருக்கும் ஒரு நிபந்தனை, பாலிசிதாரர் உயிரோடு இல்லாத நிலையில் மோசடி நடக்கவில்லை என்று காட்டும் பொறுப்பு பயன்பெறுபவர்களுடையது என்கிறது. நாமினியாக இருக்கும் மனைவி, மகன், சில நேரம் வயதான தாய். அவர்கள் காட்ட வேண்டியது என்ன? இறந்தவர் சொன்னது அவர் அறிந்தவரை உண்மை, அல்லது மறைக்க வேண்டும் என்ற திட்டமிட்ட எண்ணம் அவருக்கு இல்லை, அல்லது அந்தத் தகவல் நிறுவனத்துக்கே தெரிந்திருந்தது. இரண்டு கதவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இலேசான குற்றச்சாட்டுக்கு, பாலிசியே கொடுத்திருக்க மாட்டோம் என்ற கடினமான விஷயத்தை நிறுவனம் நிரூபிக்க வேண்டும். பிரீமியத்தையும் திருப்பித் தர வேண்டும். கனமான குற்றச்சாட்டுக்கு, ‘மோசடி இல்லை’ என்று எதிர்த்தரப்பு நிரூபிக்க வேண்டும். பிரீமியத்தைத் திருப்பித் தரச் சொல்லும் வரியும் அங்கே இல்லை. மறுப்பது என்று முடிவுசெய்துவிட்ட ஒரு நிறுவனம் எந்தக் கதவைத் தேர்ந்தெடுக்கும்? நிறுவனங்கள் எல்லாம் கெட்ட எண்ணத்தோடு இப்படிச் செய்கின்றன என்று நான் சொல்லவில்லை. எண்ணம் நல்லதோ கெட்டதோ, சட்டமே ஒரு பக்கம் சாய்வாக வைத்திருக்கும் பாதை அது.

இதற்கு வழக்கறிஞர்கள் தரும் முதல் பதில் வலுவானது. ‘இல்லை என்று நிரூபி’ என்றால், முதலில் ‘இருக்கிறது’ என்று ஒருவர் காட்டியிருக்க வேண்டும் அல்லவா? நிறுவனம் எழுத்தில் காரணமும் ஆதாரமும் வைத்த பிறகுதான் பொறுப்பு மறுபக்கம் போகும். மோசடி என்று சொல்பவர் அதன் விவரங்களைத் தெளிவாக எடுத்துவைக்க வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டமே கேட்கிறது. பொத்தாம் பொதுவான மோசடிக் குற்றச்சாட்டை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. ரயில் விபத்தில் இறந்தவர் வேறு நிறுவனங்களில் ஏராளமான பாலிசிகள் வைத்திருந்ததை மறைத்தார் என்று சொல்லி ஒரு நிறுவனம் கிளைமை மறுத்தது. அந்தப் பாலிசிகளின் பட்டியலைத் தந்ததே தவிர, அதை உறுதிப்படுத்தும் ஆதாரம் எதையும் வைக்கவில்லை. நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது, அது நிறைவேறவில்லை என்று நாமினிக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. 2025-இல் வந்த இன்னொரு தீர்ப்பில், ஒரு பெரிய பாலிசியைப் பற்றிச் சொல்லிவிட்டுச் சில சிறிய பாலிசிகளைச் சொல்லாமல் விட்டது முக்கியத் தகவலை மறைத்ததாகாது என்றார்கள்.

நல்ல தீர்ப்புகள். ஆனால் இவை எல்லாம் திருத்தத்துக்கு முன்பு எடுத்த பாலிசிகளைப் பற்றியவை. பழைய 45-ஆம் பிரிவில், இரண்டு ஆண்டு கடந்த பின் மோசடியைக் காட்ட வேண்டியவர் நிறுவனம் என்று வாசகத்திலேயே இருந்தது. இப்போதைய வாசகத்தில் எதிர்மாறான வரி இருக்கிறது. நீதிமன்றம் அதை முந்தைய நீதிநெறியோடு இணக்கமாகப் படிக்கலாம். படிக்கும் என்றே நானும் எதிர்பார்க்கிறேன். அதற்குள் ஒரு கிளைம் எத்தனை படி ஏற வேண்டும் என்று யோசியுங்கள். கிளைம் முதலில் தீர்மானிக்கப்படுவது நிறுவனத்தின் மேசையில். அங்கே இருப்பவர் சட்டத்தின் வாசகத்தைத்தான் படிப்பார். கடிதத்தில் ‘மோசடி’ என்று வந்துவிட்டால், இறந்தவரின் குடும்பத்தில் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். வெட்கம் ஒரு காரணம், செலவு ஒரு காரணம். நிறுவனத்தின் குறைதீர் பிரிவு, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், நுகர்வோர் ஆணையம் என்று ஏறிப் போகிறவர்களுக்குத்தான் உச்ச நீதிமன்றத்தின் நிதானம் கிடைக்கிறது. சட்டத்தின் ஒரு வரியைச் சரியாகப் படிக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டும் என்றால், குறை படிப்பவரிடம் இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் காப்பீட்டின் வேரிலிருந்து வருகிறது. காப்பீடு மிகுந்த நல்லெண்ணத்தின் மேல் நிற்கும் ஒப்பந்தம். ஒருவர் உடம்பைப் பற்றி அவருக்குத் தெரிந்தது நிறுவனத்துக்குத் தெரியாது. மறைப்பவர்களுக்குத் தொகை போனால் அதன் சுமை நேர்மையாகச் சொன்னவர்களின் பிரீமியத்தில்தான் ஏறும். மறுக்க முடியாத வாதம். பாலிசி எடுத்த ஒரு மாதத்துக்குள் இறந்தவர், அதற்குச் சற்று முன்பு இரத்த வாந்தியோடு மருத்துவமனையில் இருந்ததை மறைத்திருந்த வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. எந்த நியாயமான அளவுகோலிலும் அது சரி. ஆனால் அந்த வழக்கு எதைக் காட்டுகிறது? மருத்துவமனைப் பதிவேடு நிறுவனத்தின் கையில் கிடைத்தது. 1962 வழக்கில் டாக்டர் சாட்சிக்கூண்டில் ஏறினார். பொறுப்பு நிறுவனத்திடம் இருந்தாலும் உண்மையான மோசடி பிடிபடுகிறது என்பதற்கு இவையே சான்று. மேலும், மிகுந்த நல்லெண்ணம் என்ற கொள்கைக்கு மூலமாக எல்லோரும் காட்டும் 1766-ஆம் ஆண்டு இங்கிலாந்து வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமத்ராவில் மார்ல்பரோ கோட்டையின் ஆளுநராக இருந்த கார்ட்டர், கோட்டை அந்நியப் படையிடம் வீழ்ந்தால் ஈடு கிடைக்கும்படி காப்பீடு செய்திருந்தார். பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்தது. கோட்டையின் பலவீனத்தை மறைத்துவிட்டார் என்று காப்பீட்டாளர் பணம் தர மறுத்தார். பிரபு மான்ஸ்ஃபீல்ட் தகவல் சொல்லும் கடமையை விரிவாக விளக்கிவிட்டு, தீர்ப்பைக் கார்ட்டருக்குச் சாதகமாகவே தந்தார். காப்பீட்டாளர் தானே அறிந்திருக்கக்கூடியதை, கேட்டிருக்க வேண்டியதை மறைப்பு என்று சொல்ல முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் மறுபாதி. இந்தப் பாதியை நம் உச்ச நீதிமன்றமும் மறக்கவில்லை. வெளிநாட்டுப் பயண மருத்துவக் காப்பீடு பற்றிய 2021-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தே பாலிசி கொடுத்த நிறுவனம், பிறகு இதய நோய் வந்தபோது பின்வாங்க முடியாது என்றது.

மூன்றாவது ஆட்சேபம்தான் அதிகம் யோசிக்க வைப்பது. இறந்தவரின் மனத்தில் இருந்தது நிறுவனத்துக்கும் தெரியாது. ஆனால் அவரோடு வாழ்ந்த குடும்பத்துக்கு நோய் தெரியும், மருந்துச்சீட்டு தெரியும். ஒருவருக்குத் தனியாகத் தெரிந்த விஷயத்தை அவரே நிரூபிக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய நெறி. இதில் ஒரு தாவல் இருக்கிறது. குடும்பத்துக்குத் தெரிந்திருக்கக்கூடியது நோய். மோசடியின் வரையறை கேட்பது நோயை அல்ல, படிவத்தில் கையெழுத்துப் போட்ட நேரத்தில் கையெழுத்திட்டவர் மனத்தில் இருந்த எண்ணத்தை. அந்த நேரத்தில் அவரோடு யார் இருந்தார்? பெரும்பாலும் மனைவி அல்ல, ஏஜென்ட். படிவத்தை ஏஜென்டே நிரப்பி, ‘இல்லை’ என்ற கட்டங்களை வரிசையாகக் குறித்து, கையெழுத்துக்கு மட்டும் நீட்டுவது துறையில் யாரும் ரகசியம் என்று சொல்லாத வழக்கம். சட்டமே இதை ஒப்புக்கொள்கிறது: காப்பீடு செய்யக் கேட்டுவந்து பேசி முடிப்பவர், ஒப்பந்தம் உருவாகும் விஷயத்தில் நிறுவனத்தின் ஏஜென்டாகவே கருதப்படுவார் என்று அதே பிரிவில் ஒரு விளக்கம் இருக்கிறது. அப்படியானால் கையெழுத்து வேளையில் அறையில் இருந்த, உயிரோடு இருக்கும் ஒரே சாட்சி நிறுவனத்தின் ஆள். சாட்சி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் பொறுப்பை வைக்க வேண்டும் என்பதுதான் நெறி என்றால், அது நிறுவனத்திடம் போய் நிற்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன், படிக்கவில்லை என்று சொல்லிப் பாலிசிதாரர் தப்ப முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது உண்மை. கையெழுத்திட்டவர் அதன் விளைவுக்குக் கட்டுப்படுவார் என்பது வேறு. அவருக்கு ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்பது வேறு. முன்னதற்கு இரண்டாம் கதவு போதும்.

நோய்க்கும் இறப்புக்கும் தொடர்பே இல்லாத கிளைம்களில் இந்தக் குழப்பம் இன்னும் கூர்மையாகத் தெரியும். முதுகெலும்புத் தேய்மானத்துக்குச் சிகிச்சை பெற்றதைப் படிவத்தில் சொல்லாத ஒருவர் மாரடைப்பில் இறந்தார். நிறுவனம் மறுத்தது. முதுகு நோய் உயிருக்கு ஆபத்தானதல்ல, அதைச் சொல்லாததால் கிளைம் போகாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இதே மனிதரின் குடும்பத்திடம், ‘அவர் முதுகுவலியைத் திட்டமிட்டு மறைக்கவில்லை என்று நிரூபியுங்கள்’ என்று கேட்டிருந்தால் அவர்களால் என்ன சொல்லியிருக்க முடியும்?

வேறு வழி இருக்கிறதா என்று கேட்டால், பிரிட்டன் 2012-இல் ஒன்றைச் செய்து காட்டியது. சாதாரண நுகர்வோர் எடுக்கும் காப்பீட்டில், கேட்காததையும் தானாக முன்வந்து சொல்ல வேண்டும் என்ற பழைய கடமையை அந்த நாடு நீக்கிவிட்டது. கேட்டதற்கு நியாயமான கவனத்தோடு பதில் சொன்னால் போதும். தவறு நேர்ந்தால் அது வேண்டுமென்றோ பொறுப்பற்றோ சொன்ன பொய்யா, வெறும் கவனக்குறைவா என்று பிரிக்கிறார்கள். வேண்டுமென்று செய்தது என்று காட்டும் பொறுப்பு நிறுவனத்துடையது. கவனக்குறைவு என்றால், கூடுதல் பிரீமியம் வாங்கியிருக்க வேண்டிய விகிதத்துக்குத் தொகை குறையும். 8,000 ரூபாய் வாங்கியிருக்க வேண்டிய இடத்தில் 6,000 வாங்கியிருந்தால், 4 லட்சம் கிளைமுக்கு 3 லட்சம் கிடைக்கும். நேர்மையாகப் பிரீமியம் கட்டியவர்கள் மேல் சுமை ஏறாது, குடும்பமும் வெறுங்கையோடு போகாது. நம் 45-ஆம் பிரிவு முழுத் தொகை, பிரீமியம் மட்டும், ஒன்றுமில்லை என்ற மூன்று படிகளைத்தான் அறியும். நடுவில் ஒரு படி இருந்திருந்தால், ‘மோசடி’ என்ற முத்திரையைக் குத்த வேண்டிய அவசரம் பாதிக்குமேல் குறைந்திருக்கும் என்பது என் கணிப்பு.

மருத்துவக் காப்பீட்டுக்கு 45-ஆம் பிரிவு பொருந்தாது. அது ஆயுள் காப்பீட்டுக்கு மட்டும். அங்கே ‘மாரடோரியம்’ என்று ஒரு காலவரம்பு. முன்பு எட்டு ஆண்டு. 2024 ஏப்ரல் முதல் தொடர்ந்து 60 மாதம். அதன்பின் தகவல் சொல்லவில்லை, தவறாகச் சொன்னார் என்று மறுக்க முடியாது. ஒரு விதிவிலக்கு உண்டு: நிரூபணமான மோசடி. ஆயுள் காப்பீட்டில் மூன்று ஆண்டு கடந்தால் மோசடியும் மன்னிக்கப்படும். மருத்துவக் காப்பீட்டில் அது எத்தனை ஆண்டு ஆனாலும் திறந்தே இருக்கும். ஐந்தாண்டைத் தாண்டிய பாலிசிகளில், தகவல் பற்றிய எந்தச் சண்டையும் இனி மோசடி என்ற சொல்லின் மேல்தான் நடக்கும். அந்தச் சொல்லுக்கு 2020-இல் ஆணையம் எல்லா மருத்துவ பாலிசிகளுக்கும் பொதுவாகத் தந்த வாசகம் 45-ஆம் பிரிவின் நான்கு வகையையும் எடுத்துக்கொண்டு, செய்தவர் பட்டியலை மட்டும் நீட்டியிருக்கிறது: காப்பீடு செய்தவர், அவருடைய ஏஜென்ட், அவர் சார்பில் செயல்படும் மருத்துவமனை, டாக்டர், வேறு யாரும். விளைவு, பலன்கள் அனைத்தும் கட்டிய பிரீமியமும் பறிபோவது.

மருத்துவமனை இந்தப் பட்டியலுக்குள் வந்ததற்குக் காரணம் புரிகிறது. நோயாளியும் மருத்துவமனையும் சேர்ந்து இல்லாத சிகிச்சைக்குக் கணக்கு எழுதுவது நடக்காத விஷயமல்ல. ஆனால் பணமில்லாச் சிகிச்சையில் மருத்துவமனை யார் சார்பில் செயல்படுகிறது? பில்லை நேரே நிறுவனத்துக்கு அனுப்புகிறது, பணத்தையும் நேரே நிறுவனத்திடம் வாங்குகிறது. அந்த மருத்துவமனையைத் தன் இணைப்புப் பட்டியலில் சேர்த்ததும் நிறுவனம்தான். போடாத ஊசிக்கு அது கணக்கு எழுதினால், மயக்கத்தில் கிடந்த நோயாளி அதை அறிந்திருக்க முடியாது. ‘அவர் சார்பில்’ என்ற இரண்டு சொல்லை விரித்துப் படித்தால் அவருடைய பாலிசியே போய்விடும். 2013-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை இதைவிடத் தெளிவாக இருந்தது: பாலிசிதாரர் மோசடி, இடைத்தரகர் மோசடி, நிறுவனத்துக்குள் நடக்கும் மோசடி என்று பிரித்து, இடைத்தரகர் மோசடியில் பாலிசிதாரரும் பாதிக்கப்படுபவராக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டிருந்தது. கூட்டுச் சதி என்றால் நோயாளிக்கு அது தெரிந்திருந்தது, அவர் உடன்பட்டார் என்று காட்ட வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்ப்பதில் உண்மையான சதிகாரர் யாரும் தப்பப்போவதில்லை. தெரிந்தும் உடன்பட்டும் செய்வதற்குத்தானே சதி என்று பெயர்.

மறுப்புக் கடிதத்துக்கு முன்னால் நடக்கும் விசாரணையை நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியாட்களிடம் ஒப்படைக்கின்றன. அவர்கள் யார், எதன் அடிப்படையில் அறிக்கை எழுதுகிறார்கள், அந்த அறிக்கையின் நகலைக் குடும்பம் கேட்டுப் பெற முடியுமா என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.